விதையில் பிறந்த கள்ளி



ஜொகூரின் தோட்டப்புறங்களில் வீட்டு வாசல்களைச் சற்றே நின்று பாருங்கள். ஒரு வீட்டில் பழைய வாளியொன்றில் பக்காவாலிச் செடி இருக்கும். இன்னொரு வீட்டில் கம்பத்தைப் பற்றி ஏறிய டிராகன் பழச் செடி, அதாவது மலாய்க்காரர் 'பூவா நாகா' என்று சொல்லும் செடி நிற்கும். மற்றொரு வீட்டுச் சன்னல் விளிம்பில், விரல் உயரப் பச்சைத் தண்டின்மேல் சிவப்புப் பந்து ஒன்றை வைத்தாற்போல ஒரு சிறு செடி இருக்கும். அது பாசார் மாலாமில் பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கியது.

இம்மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மூன்றும் கள்ளிச் செடிகள். மூன்றில் ஒன்றுகூட இந்த மண்ணில் பிறந்ததன்று. இவை எங்கிருந்து வந்தன, எந்தத் தாய்க்கும் எந்தத் தந்தைக்கும் பிறந்தன என்பதையே இன்று பேசவிருக்கிறேன். இவற்றின் வரலாற்றைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வி போதும். இந்தச் செடி விதையில் வந்ததா, வெட்டிய துண்டில் வந்ததா? பால்மரத்தோடும் செம்பனையோடும் வாழ்ந்த நமக்கு இந்தக் கேள்வி புதிதன்று.

இரண்டு கள்ளிகள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தமிழில் நாம் நெடுங்காலமாகக் கள்ளி என்று அழைப்பவை சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுக்கள்ளி போன்றவை. இவற்றைக் கீறினால் வெள்ளைப் பால் வடியும். அந்தப் பால் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு. இவை ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நாம் பால் வெட்டும் ரப்பர் மரமும் அதே குடும்பந்தான். ஜப்பானியர் காலத்தில் நம் வயிற்றை நிரப்பிய மரவள்ளியும் அதே குடும்பந்தான். நம் ஊர்க் கள்ளியும் பால்மரமும் உறவுக்காரர்கள் என்பதைப் பலர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆங்கிலேயர் 'காக்டஸ்' என்று சொல்லும் கள்ளியோ வேறு குடும்பம். அதன் முட்கள் பஞ்சு போன்ற ஒரு சிறு புள்ளியிலிருந்து கொத்தாக எழும். பூவும் அத்தகைய புள்ளியில்தான் தோன்றும். இந்த அடையாளம் மற்றக் கள்ளிகளுக்கு இல்லை. இந்தக் குடும்பத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். ஒரே ஓர் இனம் மட்டும் ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் இலங்கையிலும் மரக்கிளைகளில் தானாகவே வளர்கிறது. அதன் விதையைப் பறவைகள் கடல் கடந்து சுமந்து சென்றிருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. ஏனைய அனைத்தையும் மனிதனே கொண்டுபோய்ப் பரப்பினான்.

சென்னையில் ஒரு கள்ளித் தோட்டம்

தமிழ் மண்ணில் இந்தக் கள்ளியின் கதை சாயத்தில் தொடங்குகிறது. மெக்சிக்கோ நாட்டில் சப்பாத்திக்கள்ளியின்மேல் ஒரு சிறு பூச்சி வாழ்கிறது. அதை உலர்த்தி அரைத்தால் அருமையான சிவப்புச் சாயம் கிடைக்கும். அந்த வணிகம் ஸ்பெயின் நாட்டாரின் கையில் இருந்தது. ஆங்கிலப் படைவீரரின் செஞ்சட்டைக்கும் செல்வரின் பட்டுத்துணிக்கும் சிவப்புச் சாயம் வேண்டியிருந்தது. ஆகவே அதைத் தங்கள் ஆட்சிப் பகுதியிலேயே உண்டாக்கிவிட வேண்டும் என்று கிழக்கிந்தியக் கும்பினியார் விரும்பினர்.

சென்னையில் கும்பினியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் 1780களில் இந்த முயற்சியில் இறங்கினார். சைதாப்பேட்டையில் கள்ளிகளுக்கென்றே ஒரு தோட்டம் அமைத்தார். இலண்டனுக்குக் கடிதத்திற்குமேல் கடிதம் எழுதினார். கள்ளி செழித்தது. பூச்சிதான் கிடைக்கவில்லை.

1795இல் நீல்சன் என்ற கப்பல் தலைவர் பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனீரோ துறைமுகத்திலிருந்து பூச்சியோடு கூடிய கள்ளித் துண்டுகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து அவை சென்னைக்கு வந்து சேர்ந்தன. எல்லாரும் மகிழ்ந்தனர். ஆனால் வந்தது மெக்சிக்கோவின் சாயப்பூச்சியன்று. பார்வைக்கு அதைப்போலவே இருக்கும் வேறோர் இனம். அதன் சாயம் தரத்தில் குறைந்தது. சாயத்தொழில் எழவில்லை.

சாயம் தராத பூச்சி வேறொன்றைச் செய்தது. தான் விரும்பிய சப்பாத்திக்கள்ளி இனத்தைத் தின்று தீர்த்தது. கள்ளியை ஒழிக்கப் பூச்சியைப் பயன்படுத்தலாம் என்று மக்கள் கண்டுகொண்டது இப்படித்தான். 1860களில் அதே பூச்சியை இலங்கைக்குக் கொண்டுபோய்க் கள்ளிப் புதர்களில் வேண்டுமென்றே விட்டார்கள். களையை அழிக்க ஓர் உயிரை நாடு கடத்திக் கொண்டுசென்ற முதல் முயற்சிகளில் ஒன்றாக இதனை அறிவியலார் குறிப்பிடுகின்றனர்.

ஆயினும் கதை அங்கே முடியவில்லை. வேறொரு சப்பாத்திக்கள்ளி இனத்தை அந்தப் பூச்சி தொடவே இல்லை. அது தென் தமிழ்நாட்டின் தரிசுகளிலும் வேலிகளிலும் பெருகியது. பறவைகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்பின. வெட்டி எறிந்த துண்டுகளும் விழுந்த இடத்தில் வேர்விட்டன. நம் முன்னோர் கப்பலேறி மலாயாவுக்கு வந்த காலத்தில் அவர்கள் ஊரில் கண்ட சப்பாத்திக்கள்ளி வேலி இதுதான். அதன் பழத்தைத் தின்று நாக்குச் சிவந்த கதையைப் பாட்டிமார் பலர் சொல்லியிருப்பார்கள். பின்னர் 1926இல் இந்த இனத்தைத் தின்னும் இன்னொரு பூச்சியை இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்தனர். சில ஆண்டுகளில் பெரும்பரப்பு நிலம் கள்ளி நீங்கி வெளியாயிற்று.

கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரண்டு கள்ளிகள் பிறப்பால் ஒன்றல்ல. ஒன்றை அழிப்பது மற்றொன்றை அழிக்காது. இதைப் பிறகு ஜொகூருக்கு வரும்போது நினைவில் கொள்வோம்.

பால்மரம் கற்பித்த பாடம்

விதைக்கும் துண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நமக்குக் கற்பித்தது பால்மரம். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளை இலண்டனுக்கு அருகிலுள்ள கியூ தோட்டத்திற்குக் கொண்டுசென்றார். முளைத்தவை சுமார் 2,700 மட்டுமே. அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. பேராக்கின் கோலகங்சாரிலும் சில நடப்பட்டன.

விதையில் வளர்ந்த அந்தக் காலத்து மரங்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஒரு மரம் கோப்பை நிறையப் பால் தரும். பக்கத்து மரம் அடி நனையும் அளவுதான் தரும். ஆகவே நல்ல மரத்தின் மொட்டை எடுத்து வேறு கன்றில் ஒட்டுக் கட்டும் முறை வந்தது. ஒட்டிய மொட்டு தாய்மரத்தைப்போலவே வளரும். அதில் புதிதாக எதுவும் தோன்றாது. தாயைவிடச் சிறந்த மரம் வேண்டுமானால் மீண்டும் விதைக்குத்தான் போக வேண்டும். 1925இல் அமைந்த மலாயா ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தார் அதைத்தான் செய்தனர். ஒரு மரத்தின் மகரந்தத்தை இன்னொரு மரத்தின் பூவில் கையால் வைத்து, பிறந்த விதைகளை முளைக்கவிட்டு, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து தேர்ந்தெடுத்தனர். நம் பெற்றோர் வெட்டிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற மரம் அப்படிப் பிறந்ததுதான். அதன் தாய் ஜாவாவிலிருந்து வந்த ஜிர் 1. அதன் தந்தை பி.பி. 86. பி.பி. என்பது பிராங் புசார் தோட்டத்தின் பெயர்ச் சுருக்கம். அந்தத் தோட்டம் இருந்த நிலத்தில்தான் இன்று புத்ராஜெயா நகரம் நிற்கிறது.

செம்பனை இதையே வேறு விதமாகச் சொல்கிறது. அதைத் துண்டுபோட்டு நட இயலாது. தடித்த ஓடு உடையது டூரா. ஓடே இல்லாதது பிசிஃபெரா. இரண்டையும் கலந்தால் மெல்லிய ஓடும் மிகுந்த சதையும் உடைய தெனெரா பிறக்கும். இன்று நம் தோட்டங்களில் நிற்பவை பெரும்பாலும் தெனெரா மரங்களே. ஆனால் தெனெரா மரத்தின் கீழே உதிர்ந்த பழத்தை எடுத்து முளைக்கவைத்தால் என்ன ஆகும்? சுமார் கால் பங்கு டூராவாகும். பாதி தெனெராவாகும். மீதிக் கால் பங்கு பிசிஃபெராவாகும். பிசிஃபெராவோ பெரும்பாலும் குலை தள்ளிப் பழுக்காது. கலப்பினத்தின் விதை தாயைப்போல் வராது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

கலப்பில் பிறந்த கள்ளிகள்

இந்த இரண்டு பாடங்களையும் கையில் வைத்துக்கொண்டு கள்ளியைப் பார்ப்போம்.

உலகில் மிகுதியாகப் பயிராகும் சப்பாத்திக்கள்ளிக்கு 'இந்திய அத்தி' என்று பொருள்படும் அறிவியற் பெயர் உண்டு. ஆயினும் அதற்கும் இந்தியாவுக்கும் பிறப்புத் தொடர்பில்லை. மெக்சிக்கோ மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அதைத் தோட்டப் பயிராக்கினர். நம் உடலின் அணுக்களில் மரபுத் தொகுதி இரண்டு உண்டு. இந்தக் கள்ளியிலோ எட்டு உண்டு. பல இனங்கள் கலந்து கலந்து அது உருவாகியிருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. எழுதப் படிக்கத் தெரியாத உழவர்கள், முள் குறைந்த செடியையும் பழம் பெருத்த செடியையும் தேர்ந்து தேர்ந்து நட்டதன் பயன் அது.

இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லூதர் பர்பாங் என்ற தோட்டக்காரர் முள்ளே இல்லாத சப்பாத்திக்கள்ளியை உண்டாக்க முனைந்தார். பல நாடுகளிலிருந்து கள்ளிகளைத் தருவித்துக் கலந்து, ஆயிரக்கணக்கான நாற்றுகளை வளர்த்து, மிகப் பலவற்றைப் பிடுங்கி எறிந்து, சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டார். 1907இல் அவற்றை விற்பனைக்கு அறிவித்தார். பாலைவனம் முழுதும் மாட்டுத்தீவனம் ஆகிவிடும் என்று மக்கள் நம்பினர். அந்த நம்பிக்கை நிறைவேறவில்லை. முள்ளில்லாத கள்ளிக்கு நீரும் வேலியும் வேண்டியிருந்தன. முள் இல்லாததால் காட்டு விலங்குகள் அதை எளிதாகத் தின்றுவிட்டன. அதன் விதையை நட்டால் முள்ளுள்ள நாற்றுகளும் திரும்ப வந்தன. தெனெராவின் பிள்ளைகள் தெனெராவாக மட்டும் இருப்பதில்லை என்று பார்த்தோமே, அதே விதிதான்.

குளிர்நாட்டு வீடுகளில் டிசம்பர் மாதம் பூக்கும் 'கிறிஸ்துமஸ் கள்ளி'யும் கலப்பில் பிறந்ததே. அதன் பெற்றோர் இரண்டும் ரியோ டி ஜெனீரோ அருகிலுள்ள மலைக்காடுகளில் வளர்பவை. பெற்றோர் பிரேசிலைச் சேர்ந்தவை. பிள்ளை பிறந்ததோ 1800களின் நடுப்பகுதியில் இங்கிலாந்து நாட்டு நாற்றுப்பண்ணை ஒன்றில். அதை உண்டாக்கிய பக்லி என்பவரின் பெயரையே செடி இன்றும் தாங்கி நிற்கிறது.

இனிப் பாசார் மாலாமில் வாங்கிய சிவப்புப் பந்துக்கு வருவோம். 1940களின் தொடக்கத்தில் ஜப்பானில் வத்தனாபே என்ற செடி வளர்ப்பாளர் கள்ளி விதைகளை ஏராளமாக முளைக்கவிட்டார். அந்த நாற்றுக் கூட்டத்தில் பச்சையமே இல்லாத சில சிவப்பு நாற்றுகளைக் கண்டார். பச்சையம் இல்லாத செடி தனக்கு வேண்டிய உணவைச் செய்துகொள்ள இயலாது. விட்டுவிட்டால் சில நாளில் மடியும். அவர் அவற்றை வேறு கள்ளியின் தலையில் ஒட்டுக் கட்டிப் பிழைக்கவைத்தார். இன்று உலகெங்கும் விற்கப்படும் சிவப்பு, மஞ்சள் பந்துகள் அந்த மரபில் வந்தவை. பந்தைத் தாங்கி நிற்கும் முக்கோணப் பச்சைத் தண்டு எது தெரியுமா? பெரும்பாலும் நம் வேலியோரத்து டிராகன் பழச் செடிதான். ஒட்டுக்கன்று கட்டிப் பழகிய கைகளுக்கு இதில் வியப்பிருக்காது.

ஜொகூரில் டிராகன் பழம்

டிராகன் பழச் செடியின் தாயகம் மெக்சிக்கோவும் நடு அமெரிக்காவும். 1800களில் பிரெஞ்சுக்காரர் அதை வியட்நாமுக்குக் கொண்டுவந்தனர். மலேசியாவில் வணிகப் பயிராக அது பரவியது 1990களின் இறுதியிலிருந்துதான். ஜொகூரில் குளுவாங் வட்டாரத்திலும் பண்ணைகள் எழுந்தன. பழத்தின் பெயர் சீனர்களிடையே ராசியானதாக இருந்தது. விலையும் நன்றாக இருந்தது.

பண்ணைக்காரர் யாரும் விதை போடுவதில்லை. முழ நீளத் துண்டை நட்டால் ஓரிரு ஆண்டில் பூக்கும். விதையில் வளர்ந்தால் பல ஆண்டு காத்திருக்க வேண்டும். ஆகவே ஒரே செடியின் துண்டுகள் ஆயிரமாயிரமாக ஒரே வரிசையில் நின்றன. கணக்கில் ஆயிரம் செடி. பிறப்பால் ஒரே செடி. 2010களில் தண்டில் சொறிபோல் புண் உண்டாக்கும் பூஞ்சை நோய் மலேசியப் பண்ணைகளைத் தாக்கியபோது இதன் விலை தெரிந்தது. ஒரு செடிக்குத் தாங்கும் வலு இல்லையென்றால், அதே செடியின் துண்டான பக்கத்துச் செடிக்கும் இல்லை. பலர் பண்ணையைக் கைவிட்டனர்.

சென்னைக் கள்ளியின் கதையை இங்கே நினைத்துப் பாருங்கள். ஓரினத்தைத் தின்ற பூச்சி மற்றோர் இனத்தைத் தொடவில்லை. வேறுபாடு இருந்த இடத்தில் ஒன்று பிழைத்தது. நோய் தாங்கும் புதிய டிராகன் பழம் எங்கிருந்து வரும்? கலப்பிலிருந்தும், கலப்பில் பிறந்த விதையிலிருந்தும்தான் வரும்.

அந்தக் கலப்பை வீட்டிலேயே செய்யலாம். சிவப்புச் சதை கொண்ட இனங்களில் பல, தம் மகரந்தத்தைத் தாமே ஏற்பதில்லை. தனியாக ஒரு செடி வைத்திருப்பவர் 'பூக்கிறது, காய்க்கவில்லை' என்று வருந்துவது இதனால்தான். பூ ஓர் இரவு மட்டுமே மலரும். மாலையில் மொட்டு விரியத் தொடங்கும்போது அதன் மகரந்தத் தாள்களைக் கத்தரித்துவிட வேண்டும். வேறு இனச் செடியின் மகரந்தத்தை மெல்லிய தூரிகையால் நடுவிலுள்ள சூல்முடியில் தடவ வேண்டும். பிறகு தாள்பையால் மூடி, தாய் பெயர், தந்தை பெயர், நாள் மூன்றையும் எழுதிக் கட்ட வேண்டும். அந்தச் சீட்டு இல்லையென்றால் பிறப்பு வரலாறே தொலைந்துபோகும். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற எண்ணும் அத்தகைய ஒரு சீட்டுதான்.

அரிய கள்ளியைக் காக்கும் வழி

விதைக்கு இன்னொரு வேலையும் உண்டு. 2015இல் வெளியான உலக மதிப்பீடு ஒன்று 1,478 கள்ளி இனங்களை ஆராய்ந்தது. அவற்றில் 31 விழுக்காடு அழியும் நிலையில் இருப்பதாக அது கூறியது. நிலம் பயிருக்கும் மேய்ச்சலுக்கும் போவது ஒரு காரணம். அழகுக்காக வளர்ப்போரின் ஆசை மற்றொரு காரணம். மெக்சிக்கோவிலும் சிலி நாட்டிலும் இருபது முப்பது ஆண்டில் கைப்பிடி அளவு வளர்ந்த கள்ளியை ஒரு நொடியில் பிடுங்கி விற்றுவிடுகிறார்கள். 1975இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு உடன்படிக்கையின்படி ஏறக்குறைய எல்லாக் கள்ளிகளின் வணிகமும் கட்டுப்பாட்டில் உள்ளது. மலேசியாவும் அதில் உறுப்பு நாடு. மிக அரியவற்றைக் காட்டிலிருந்து எடுத்து விற்பது அறவே தடை.

காட்டைத் தொடாமல் அரிய கள்ளியை வீட்டில் வைத்துக்கொள்ளும் நேர்மையான வழி விதைதான். முறை எளியது. பெருமணல் இரண்டு பங்கும் சலித்த மண் ஒரு பங்கும் கலந்து, கொதிநீர் ஊற்றி ஆறவிடுங்கள். பூஞ்சை சாகும். கடுகிலும் சிறிய விதைகளை மேலே தூவுங்கள், புதைக்க வேண்டாம். சட்டியை நீர்த்தட்டில் வைத்து அடியிலிருந்து நனையவிடுங்கள். தெளிவான பிளாஸ்டிக் தாளால் மூடி, வெளிச்சம் உண்டு, உச்சிவெயில் இல்லை என்ற இடத்தில் வையுங்கள். சில நாளிலோ சில வாரத்திலோ முளைக்கும். முள் அரும்பியதும் மூடியைச் சிறிது சிறிதாகத் திறக்க வேண்டும். அதன்பின் ஜொகூரில் நமக்குள்ள பகை வறட்சியன்று, மழை. ஆண்டு முழுதும் பெய்யும் ஊர் இது. மேலே தெளிந்த கூரை ஒன்று இல்லையென்றால் நாற்று அழுகும். ஓராண்டு கழித்தும் பல இனங்கள் பட்டாணி அளவில்தான் இருக்கும். பொறுமை வேண்டும்.

நேயர்களே, 'தோட்டத்துப் பிள்ளை தோட்டத்துக்குத்தான்' என்று நம்மைப் பார்த்துச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. தந்தை வெட்டிய நிரையை மகன் வெட்டினான். தாய் எடுத்த கோப்பையை மகள் எடுத்தாள். நம் பிள்ளைகளை வெட்டி நட்ட துண்டுகளாக எண்ணியவர்களின் பேச்சு அது. ஒரு வீட்டில் பிறந்த நான்கு பிள்ளைகளும் நான்கு விதமாக இருப்பதை வகுப்பறையில் நாள்தோறும் காண்பவன் நான். தெனெராவின் விதையை எண்ணிப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். எந்த நாற்று எப்படி வரும் என்று முளைக்கும் முன்னரே யாராலும் சொல்ல இயலாது. நாற்றங்காலில் இடமும் காலமும் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்த முறை வீட்டில் டிராகன் பழம் வாங்கினால் ஒரு கரண்டிச் சதையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். துணியில் கட்டி நீரில் கசக்கினால் கறுப்பு விதைகள் தங்கும். நிழலில் உலர்த்தி, மேற்சொன்னபடி தூவச் சொல்லுங்கள். பெயரும் நாளும் எழுதிய சீட்டைச் சட்டியில் குத்திவைக்கச் சொல்லுங்கள். ஒரு பழத்தின் விதைகள் ஒவ்வொன்றும் எப்படி வளர்கின்றன என்பதை அவர்களே கணக்கெடுத்துக் கூறட்டும்.